கோமளா அத்தையின் பன்னிரண்டாவது தட்டு

எவர்சில்வர் தட்டை வெட்டுவதற்கு வீட்டுக் கத்தரி போதாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது முயன்றால் உபயோகமாக இருக்கும். தகரம் வெட்டுகிற கத்தரி வேண்டும். ஓரத்தை அரம் போட்டுத் தேய்க்காவிட்டால் விரலைக் கிழிக்கும். என் இடது கட்டைவிரலில் இன்னும் தழும்பு இருக்கிறது. நடந்ததில் எனக்கும் சேதம் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

நான் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஊர் விருத்தாசலம், இருப்பு டெல்லி முனிர்காவில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கல்லூரியில் எல்லோருக்கும் என்னைத் தெரியும், படிப்பால் அல்ல. டெல்லிக் காற்றைக் கிண்டல் செய்து இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். 'இன்று காலை நடைப்பயிற்சிக்குப் போனவர்களின் குடும்பத்தாருக்கு ஆழ்ந்த அனுதாபங்கள்' என்பது மாதிரி. சிரிக்காமல் எழுதுவேன். அதுதான் விஷயமே.

ஸ்நேகா என் வகுப்பு. அவள் அம்மாதான் கோமளா அத்தை. அப்பா கலியமூர்த்தி மத்திய அரசில் இருந்தவர், நான்கு வருடம் முன்பு மாரடைப்பில் போய்விட்டார். அவருக்குப் பதிலாக அத்தைக்கு வேலை கிடைத்தது, கிட்வாய் நகர் வீடும் தங்கியது, அவருடைய டீசல் காரும் தங்கியது. முதல் ஞாயிறு சாப்பிடப் போனபோது நான் மரியாதையாக ஆன்ட்டி என்றேன்.

"ஆன்ட்டி கீன்ட்டின்னா இட்லி கிடையாது. அத்தைன்னு கூப்பிடு."

"மம்மி, ப்ளீஸ்" என்றாள் ஸ்நேகா உள்ளிருந்து.

அந்த உறவுமுறையில் எனக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை. அதன்பிறகு அநேகமாக ஒரு ஞாயிறும் தவறவில்லை.

அத்தைக்கு ஆஸ்துமா. கைப்பையில் எப்போதும் இன்ஹேலர் இருக்கும். காருக்கும் ஏதோ கோளாறு, பாராபுலா மேம்பாலம் ஏறும்போது திணறும். "எனக்கும் வீசிங், அதுக்கும் வீசிங். ஒரே வீட்டுச் சாப்பாடுல்ல" என்பார். மெக்கானிக் பார்த்துவிட்டு ஒரு வால்வு அடைத்துக்கொண்டிருக்கிறது, மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"டெல்லியில டீசல் வண்டிக்குப் பத்து வருஷம்தான் ஆயுசு. இதுக்கு எட்டரை முடிஞ்சுபோச்சு. போகப்போற வண்டிக்குப் புது வால்வு எதுக்குடா?"

நியாயமான கேள்வி. அந்த வால்வு என்ன செய்கிறது என்றால், வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே அனுப்புகிறது. ஊர்க்காற்று கொஞ்சம் குறைவாகக் கெடட்டும் என்பதற்காக. அதன் வாயில் ஒரு தகட்டை வைத்து நான்கு பக்கமும் இறுக்கிவிட்டால் புகை திரும்பி வராது. இன்ஜின் நல்ல காற்றாகக் குடிக்கும், வண்டி பறக்கும். ஊருக்குத்தான் நஷ்டம். ஊர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. புகைச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் பானெட்டைத் திறந்து பார்ப்பதும் இல்லை.

"நானே பண்ணித் தரேன் அத்தை" என்றேன். ஸ்நேகா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் ஒரு ரயில் இன்ஜினையே கழற்றியிருப்பேன்.

தகடுதான் பிரச்சினை. கடையில் கேட்டால் எதற்கு என்பார்கள். நான் இட்லி சாப்பிட்ட தட்டு நல்ல கனம். அத்தையின் கல்யாணத்துக்கு அவர் அம்மா சீராகக் கொடுத்த பன்னிரண்டு தட்டுகளில் ஒன்று. கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பதினொன்று இருக்கிறதே என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

அறையில் வைத்து வெட்டினேன். முதல் துண்டில் போல்ட்டுக்கான துளை இடம் தவறிவிட்டது. மிச்சத்தில் சமமாக இருந்த இடம் ஒன்றுதான், தட்டின் முதுகில் பெயர் வெட்டியிருந்த இடம். பாத்திரக்கடையில் புள்ளி புள்ளியாக வெட்டித் தருவார்களே, அது. 'கோமளா'. இரண்டு இரும்புக்கு நடுவே வைக்கிற தகட்டில் மேடுபள்ளம் இருக்கக் கூடாது, இருந்தால் அந்த வழியாகப் புகை கசியும். இரண்டாம் ஆண்டுப் பரீட்சையில் வந்த கேள்வி. முழு மதிப்பெண் வாங்கினேன்.

பெயரைத் தேய்த்து அழிக்கப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். அழிக்கவில்லை. சோம்பேறித்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காரின் வயிற்றுக்குள் அதை ஓட்டுகிறவருடைய பெயர் உட்கார்ந்திருப்பது எனக்கு நல்ல ஜோக்காகத் தோன்றியது. யாரிடமும் சொல்ல முடியாத ஜோக். அந்த வகைதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மறுநாள் பொருத்தினேன். அத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, "பறக்குதுடா இது" என்றார். அன்றைக்கு எனக்கு வடை கூடுதல்.

அடுத்த வாரம் தட்டைத் தேட ஆரம்பித்தார்கள். பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவிடம் அத்தை இரண்டு முறை கேட்டார். நானும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடினேன்.

"போனாப் போகுதுன்னு விடமுடியல. எங்கம்மா கையால குடுத்ததுன்னு இந்தத் தட்டு செட்டு ஒண்ணுதான் இருக்கு" என்றார். அப்போது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். நீங்கள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நவம்பர் வந்தது. ஊரே இருமியது. என் பக்கத்துக்குக் கூட்டம் கூடியது.

"வண்டிக்குள்ள என்னமோ நெடி அடிக்குதுடா. தொண்டையைப் பிடிக்குது" என்றார் அத்தை ஒரு ஞாயிறு.

பானெட்டைத் திறந்தேன். தகட்டின் ஒரு ஓரத்தில் கரி விசிறி மாதிரி விரிந்து படிந்திருந்தது. பெயர் இருந்த பக்கம். புள்ளிகள் வழியாகப் புகை கசிந்துகொண்டிருந்தது. கழற்றி வேறு தகடு போட அரை மணி நேரம் போதும். ஆனால் அத்தை பக்கத்திலேயே டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். கழற்றினால் தகடு என் கைக்கு வரும், கையிலிருந்து அவர் கண்ணுக்குப் போகும். அந்த வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஸ்நேகா பேசுவாள், எழுத்து தெரியாது.

போல்ட்டை அரைச் சுற்று இறுக்கினேன். பானெட்டை மூடினேன்.

"வண்டியில ஒண்ணும் இல்ல அத்தை. வெளிக்காத்துதான். கண்ணாடியை ஏத்திட்டு ஹீட்டரைப் போட்டுட்டு ஓட்டுங்க."

"டெல்லி" என்றார் அத்தை. இங்கே எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வார்த்தை போதும்.

ஹீட்டர் போட்டால் பானெட்டின் பின்விளிம்பிலிருந்துதான் காற்றை உள்ளே இழுக்கும். இது எனக்குத் தெரியாது என்று சொல்லப் போவதில்லை. அடுத்த ஞாயிறு அவர் ஆட்டோவில் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற நேரத்தில் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்றுதான் இருந்தேன். அடுத்த ஞாயிறு கல்லூரிக் கலைவிழா. அதற்கடுத்த ஞாயிறு போயிருப்பேன், நிச்சயமாக.

அதற்கு முந்தின வியாழன் காலை பாராபுலாவில் முக்கால் மணி நேரம் போக்குவரத்து நின்றது. அத்தை சொன்ன பேச்சுக் கேட்கிறவர். கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தார். பின்னால் ஹாரன் அடித்து அலுத்த ஒருவர்தான் இறங்கி வந்து தட்டிப் பார்த்திருக்கிறார். மடியில் இன்ஹேலர், அதில் ஒன்றும் மிச்சமில்லை. சனிக்கிழமை மருத்துவமனையில் இறந்துபோனார்.

"இந்த வாரத்தில் இது நான்காவது, காற்று அப்படி" என்று டாக்டர் ஸ்நேகாவிடம் ஹிந்தியில் சொன்னார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். இந்த ஊரில் ஒருவர் மூச்சுத் திணறிச் செத்தால் யாரும் யாரையும் ஒரு கேள்வி கேட்பதில்லை.

அத்தையைப் பற்றி என் பக்கத்தில் எழுதினேன். முதல்முறையாகக் கிண்டல் இல்லாமல். அரசாங்கத்தை, தொழிற்சாலைகளை, வைக்கோல் கொளுத்துகிறவர்களை, ஒருவரையும் விடவில்லை. நாற்பதாயிரம் பேர் பகிர்ந்தார்கள். அழுதுகொண்டே எழுதினேன். அது நடிப்பு அல்ல. ஸ்நேகா படித்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஜனவரியில் அவள் காரை விற்க முடிவு செய்து கோட்லாவில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினாள். மறுநாள் கேன்டீனுக்கு வந்து டிஷ்யூவில் சுற்றியிருந்த ஒன்றை என் முன்னால் வைத்தாள். தீப்பெட்டி அளவு, கன்னங்கரேல் என்று.

"சுன், கேளேன், இது நம்ம கார் இன்ஜின்ல இருந்துச்சு. இதோட சைடுலேருந்து புகை லீக் ஆகி நேரா உள்ள வந்திருக்காம். கிஸ்னே லகாயா, யார் இதைப் போட்டதுன்னு அந்த மெக்கானிக் பையா என்னைத் திட்டறார்."

நான் டீயைக் குடித்தேன்.

"அன்னிக்கு நீ பார்த்தப்ப இது இருந்துச்சா?"

"இதைக் கழட்டினாத்தான் தெரியும். நான் மேலாப்புலதான் பார்த்தேன்."

"இதுல என்னமோ எழுதியிருக்கு. தமிழ்தானே? படியேன்."

கட்டைவிரலால் கரியைத் துடைத்தேன். தழும்பு உள்ள அதே விரல். மூன்று எழுத்தும் முழுதாக இருந்தன. ஸ்நேகா என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கலியமூர்த்தி" என்றேன்.

"அப்பாவா?"

"அவரே செஞ்சு போட்டிருப்பார். நம்ம ஆளுங்க எல்லாத்துலயும் பேர் வெட்டுவாங்களே."

"அவர் போய் நாலு வருஷம் ஆச்சு. இப்ப எப்படி லீக் ஆகும்?"

"மெதுவாத்தான் தேயும்."

தகட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு "அச்சா" என்றாள். டிஷ்யூவை நான்காக மடித்தாள், எட்டாக மடித்தாள்.

இப்போது அவள் வீட்டுச் சுவரில் அம்மா படம் மட்டும் இருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆணி. அப்பா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. அவரை நான் பார்த்ததுகூட இல்லை.

மிச்சப் பதினோரு தட்டும் என் அறையில் இருக்கின்றன. பார்க்கப் பார்க்க உனக்கு அம்மா ஞாபகம் வரும், நான் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்றேன். அதுவும் உண்மைதான். ஒவ்வொன்றின் முதுகிலும் அதே மூன்று எழுத்து, அதே வடிவத்தில். எழுத்து தெரியாதவர்களுக்கும் வடிவம் தெரியும். ஒன்றில்தான் இப்போது தினமும் சாப்பிடுகிறேன்.

மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியில் ஒன்று பேச எனக்கு வராது. அதனால்தான் எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். தட்டை எடுத்தவன் நான். வெட்டிப் பொருத்தியவன், கரியைப் பார்த்துவிட்டுப் பானெட்டை மூடியவன், கண்ணாடியை ஏற்றச் சொன்னவன், செத்தவர் மேல் பழி போட்டவன், எல்லாம் நான்தான். யாரும் கட்டாயப்படுத்தாமல் நானாக ஒப்புக்கொள்கிறேன்.

நாளை இதை அச்செடுத்து ஸ்நேகாவின் கையிலேயே கொடுக்கப்போகிறேன். தமிழில் இருப்பதால் படித்துக் காட்டச் சொல்வாள். தமிழ் என்றால் அவள் வருவது என்னிடம்தான். படித்துக் காட்டுவேன். அத்தையின் இட்லியைப் பற்றி, சிரிப்பைப் பற்றி, நல்லதாக நாலு வரி யோசித்து வைத்திருக்கிறேன்.

அவளிடம் எதையும் மறைத்தேன் என்று நாளைக்கு யாரும் என்னைச் சொல்ல முடியாது.