இருபத்தோரு செத்த செடியும் ஒரு திருட்டும்

...இல்லண்ணே, நீங்க மொதல்ல இந்தத் தொட்டியப் பாத்துட்டுப் பேசுங்க. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இதே கடையில, உங்க கையாலயே எடுத்துக் குடுத்தீங்க. 'நல்ல ரோஜாக்கா, கல்லுல வச்சாலும் வளரும்'னீங்க. கல்லுல வளருமோ என்னவோ, என் வீட்டுல வளரல. பாருங்க, வெளக்கமாத்துக் குச்சி மாதிரி நிக்குது! ...சேச்சே, உங்க மேல தப்புன்னு நான் சொல்லவே இல்ல. யாரு கொன்னாங்கன்னு எனக்குத் தெரியும். உங்க வாயால ஒரு வார்த்த கேட்டுட்டுப் போலாம்னுதான் வந்தேன். இது எதையோ ஊத்திச் செத்த செடிதான? அத மட்டும் சொல்லுங்க, போதும்.

அந்தம்மாவுக்கு எடுத்துக் குடுத்துக்கிட்டே கேளுங்க, பரவால்ல. எனக்கு அவசரமில்ல. வீட்டுக்குப் போற மாதிரியா இருக்கு இன்னிக்கு...

எங்க வீட்டுல கீழ நானு, மாடியில கொழுந்தன் குடும்பம். கொழுந்தன் பொண்டாட்டி, எங்க சின்னவ, மொட்டமாடி பூரா செடி வச்சிருக்கா. வீட்டுக்கு வர்றவங்க எல்லாம் வந்த காலோட நேரா மாடிக்குத்தான். 'அடடா, என்ன தக்காளி, என்ன மிளகா!' பொறாமப்படற ஆளில்ல நானு. சும்மா, நமக்கும் ரெண்டு கை இருக்கேன்னு இருபத்திரெண்டு செடி வாங்கிட்டுப் போனேன். ஒரே நாள்ல. நீங்ககூட, 'மொதல்ல ரெண்டு மூணு வச்சுப் பழகுங்கக்கா'ன்னு இழுத்தீங்க. அவகிட்ட நாப்பது இருக்குண்ணே! ரெண்ட வச்சுக்கிட்டு நான் எப்படி அவ முன்னாடி நிமிர்ந்து நிக்கறது?

வராண்டாவுல வரிசையா வச்சேன். ...வெயிலா? வராண்டாவுல ஏது வெயிலு? வாடக் கூடாதுன்னுதான நெழல்ல வச்சேன்! மனுசனே வெயில்ல நிக்க மாட்டேங்கறான். தண்ணி மூணு வேளையும். நான் சாப்புட்டனோ இல்லியோ, அதுங்களுக்கு வேளா வேளைக்கு. எல தொங்குனா நாலாவது வேளையும். உரப் பாக்கெட்டுல ஒரு ஸ்பூன்னு போட்டிருந்துச்சு. எந்த ஸ்பூன்னு போடல. நான் என்ன கஞ்சமா? பரிமாறுற கரண்டியாலயே போட்டேன்.

ஏண்ணே நெத்தியத் தேச்சுக்கறீங்க, தலவலியா?

மூணாவது வாரம் எல மஞ்சளாச்சு. சின்னவ எறங்கி வந்தா. 'அக்கா, தண்ணி ஜாஸ்தியோ'ன்னு மெல்ல கேட்டா. எனக்கு எப்படி இருக்கும்? ஊத்துற தண்ணிக்குக் கண்ணு வைக்கிறா பாருன்னு, 'உன் செடிய நீ பாரு, என் செடிய நான் பாத்துக்கறேன்'னு மொகத்துல அடிச்ச மாதிரி சொல்லிட்டேன். அதுக்கப்புறம் ஒண்ணொண்ணா... தக்காளி போச்சு, மிளகா போச்சு, எலுமிச்ச போச்சு. ஒரு நா எண்ணிப் பாக்கறேன், இருபத்தொண்ணுதான் இருக்கு. ஒரு ரோஜாவக் காணோம்! பொணமும் இல்ல, தொட்டியும் இல்ல.

போன ஞாயித்துக்கெழம துணி காயப்போட மாடிக்குப் போனேன். அங்க இருக்குண்ணே! தண்ணி டேங்குக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கா. என் தொட்டி. நான் கைப்பட எழுதுன நம்பரு, பதினாலு. அதுல மூணு பூவு! என் வராண்டாவுல ஒரு எலைக்கு வழியில்லாம கெடந்தது, அவ மாடியில மூணு பூ பூத்துச் சிரிக்குது. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? நல்லதா ஒண்ணத் திருடிட்டா, நான் வேலைக்குப் போன நேரம் பாத்து மிச்சத்துக்கு எதையோ ஊத்திட்டா.

கத்துனேன். 'திருடி'ன்னேன், 'கொலகாரி'ன்னேன். ...ஆமா, கொஞ்சம் ஜாஸ்திதான். அவ திருப்பி ஒரு வார்த்த பேசல. கண்ணத் தொடச்சுக்கிட்டு உள்ள போயிட்டா. குத்தமுள்ள நெஞ்சு, எப்படிப் பேசும்? மூணாம் நாளு கொழுந்தன் வந்து, 'அண்ணி, வேற வீடு பாத்துட்டோம்'னான். பதினாறு வருசம்ணே, ஒரே வீட்டுல. எனக்கு ஆபரேசன் ஆனப்ப இருபது நாளு என் தலைய வாரி விட்டவ அவதான்... இன்னிக்குச் சாமான் ஏத்தறாங்க. லாரி வாசல்ல நிக்குது. அதப் பாத்துக்கிட்டு எவளால நிக்க முடியும்? அதான் இந்தத் தொட்டியத் தூக்கிட்டு வந்துட்டேன். நீங்க 'ஆமாக்கா, ஊத்திட்டாங்க'ன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா மனசு ஆறிடும்.

ஏன் தலகீழாக் கவுக்கறீங்க? மண்ணு கொட்டப் போவுது... ஐயய்யோ! என்ன நாத்தம்! வேரு ஏண்ணே இப்படிக் கருகருன்னு, கொழகொழன்னு... அடியில என்ன தேடறீங்க? ஓட்டையா? அத நான்தான் அடச்சேன். புது டைல்ஸு, தண்ணி ஒழுகி ஒரே கறை. வெள்ள சிமெண்டக் கொழச்சு, இருபத்திரெண்டுக்கும் நானே குந்தி அடச்சேன். பதினெட்டு வருசமா பல் டாக்டர்கிட்ட வேல பாக்கறேன், ஒரு ஓட்டையக் கண்டா கை சும்மா இருக்குமா? எவ்ளோ அழகா, ஒரு சொட்டு கசியாம...

தண்ணி எப்படி வெளிய போவும்னா? அது... ஏன் வெளிய போவணும்? குடிக்கத்தான ஊத்தறோம்...

...

ஓ.

அப்ப அந்தப் பதினாலாம் நம்பரு... அடியில ஆணிய வச்சுக் குத்தி, சிமெண்டு பேந்து கெடந்துச்சுண்ணே. நான் தூக்கிப் பாத்தேன். 'என் தொட்டியவும் ஒடச்சிட்டியா'ன்னு அதுக்கும் சேத்துல்ல கத்துனேன்! சொன்னா நான் கேக்க மாட்டேன்னு, ஒண்ணாவது பொழைக்கட்டும்னு சொல்லாமத் தூக்கிட்டுப் போயி... அட பாவி நானு...

இதப் புடிங்க. செல்போன எங்க வச்சேன்... ஆங்.

சின்னவளே, நான்தான். வச்சிடாத! லாரி கெளம்பிடுச்சா? ...இன்னும் இல்லியா? அப்ப நிறுத்து. ஏத்துனத எறக்கச் சொல்லு. ...காரணமா? நேர்ல வந்து சொல்றேன்டி. ...சரி சரி, இப்பவே சொல்றேன். செடியெல்லாம்... அது வந்து... நான்தான். ...நான்தான் கொன்னேன்! ...ஹலோ? ஏதாவது பேசுடி. அழுவுறியா?

...அழல போலண்ணே, சிரிக்கறா. சாமான் எறக்குறதப் பத்தி அப்புறம் யோசிப்பாளாம். மொதல்ல அவ புருஷனுக்கும் காதுல விழற மாதிரி இன்னொரு தடவ, சத்தமா சொல்லணுமாம்.

அண்ணே, நீங்களும் அந்தம்மாவும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்களா?