அரக்கன் நின்றான்

படப்பையில் நான் ஏறிய கம்பெனி பஸ்ஸில், முன் சீட்டில் யூனிஃபார்ம் போட்ட இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவள் சொன்னாள்: "நேத்து அரக்கன் கத்திய ஓங்கினான். நான் போய் டீ போட்டுகினு வந்தேன்."

"இன்னாடி சொல்ற?"

"வூட்ல தம்பி வருஷக்கணக்கா ஆடுற சண்டை கேமு. புது பார்ட்ல மாத்திட்டாங்க. நான் ஒரு அடி, அப்புறம் அவன் ஒரு அடி. நான் அடிக்காம அவன் கைய வைக்க மாட்டான்."

"தம்பி இன்னா சொல்றான்?"

"இது சண்டையே இல்லன்னு ஆடாம வெச்சிட்டான். நான் அந்த அரக்கன முடிச்சிட்டேன்."

"சும்மா நிக்கிறவன அடிக்கிறது ஒரு பெருமையா?"

"ஏழு வருஷமா கம்பெனி லைன்ல கீறேன். சாமான் ஓடியாற அந்த பெல்ட்டு எனக்காக ஒரு நிமிஷம் நின்னுகீதா? அவ்ளோ பெரிய அரக்கன், நான் யோசிச்சு முடிக்கட்டும்னு நின்னான்டி."