அழுகை அடங்கிய கோயில்

சின்னப் பிள்ளைகளைப் படுக்கப் போட்டாயிற்றா? சரி, இனிச் சொல்லலாம். இது எங்கள் துஷாராவின் மச்சான் ரஜிதனுக்கு நடந்தது. பொய் சொல்ல அவனுக்கு வராது.

நவம்பர் மாதம். பின்னேரம் நாலரை மணிதான்... ஆனால் டென்மார்க்கில், ஹேர்னிங் பக்கம் அதற்குள் கும்மிருட்டு. ஆளில்லாத ரோடு. காருக்குள் ரஜிதன், மனைவி ஷாரன், நாலு மாதக் கைக்குழந்தை நிலக்சி. பிறந்ததிலிருந்து ஓயாத அழுகை. கார் ஓடினால்தான் கொஞ்சம் அடங்குவாள். அதனால் தினமும் பெட்ரோலைக் கொளுத்திக்கொண்டு ஊர் சுற்றுவார்கள்.

அன்று காரிலும் அடங்கவில்லை. வழியில் ஒரு சின்னப் பட்டணம். நூதனசாலையாக்கிய பழைய வியாபாரி வீடு ஒன்றில் விளக்கு எரிந்தது. இறங்கினார்கள்.

அங்கிருந்த டேனிஷ்காரி மேலே கூட்டிப்போனாள். அலுமாரிக்குப் பின்னால் ஏணிப்படி. கத்தோலிக்கப் பூசைக்குத் தடையிருந்த காலத்தில் பரணில் ஒளித்து வைத்திருந்த கோயிலாம். சின்னப் பீடம், இருக்க நாலைந்து மர வாங்கு... தேன்மெழுகு வாசம். பிள்ளை அழுதால் தெருவுக்குக் கேட்டுவிடும். அதனால் பிள்ளைகளின் வாயைப் பொத்தவென்றே ஒருத்தி கடைசி வாங்கில் இருப்பாளாம். டேனிஷ்காரி சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஷாரன் பெந்தெகொஸ்தே சபைக்காரி. ஆனால் தாய் பழைய வேதக்காரி, கத்தோலிக்கம். நித்திரையில்லாத களைப்பில் தாயின் வழக்கம் வந்துவிட்டது. பிள்ளையோடு முழங்காலில் விழுந்தாள்.

"மாதாவே, இவள் அழாமல் இருந்தாக் காணும்."

"பாஸ்டரிட்டைச் சொல்லுவன்," என்று ரஜிதன் பகிடி விட்டான்.

கடைசி வாங்கு கிரீச்சென்றது... யாரோ எழும்பின மாதிரி. எல்லோரும் முன்னால்தான் நின்றார்கள்.

அழுகை நின்றது. குறையவில்லை... நடுவில் அறுந்தது.

அன்றிரவு எல்லோருக்கும் நல்ல நித்திரை. காலையில் பால் பிந்தியது. நிலக்சி வாயைத் திறந்தாள், முகம் சிவந்தது, கண்ணீர் ஓடியது... சத்தமில்லை. வாயைச் சுற்றித் தோல் வெளிறியிருந்தது, விரல் விரலாக.

ஆஸ்பத்திரியில் தொண்டையைப் பார்த்தார்கள். பழுதில்லை. ஷாரன் தொட்டிலடியை விட்டு எழும்பவில்லை.

"அழடி குஞ்சு... ஒருக்கா அழடி."

ரஜிதனால் அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. ஒரு கிழமைக்குப் பிறகு அந்த வீட்டுக்கு போன் எடுத்தான். அதே டேனிஷ்காரி. அவள் பேசும்போது பின்னால் ஒரு பிள்ளை வீரிட்டு அழுதது. யாருடைய பிள்ளை என்று கேட்டான். பிள்ளையா, நான் தனியாகத்தானே இருக்கிறேன் என்றாள்.

ரஜிதன் போனை ஸ்பீக்கரில் போட்டான். அழுகை அறை முழுக்கக் கேட்டது.

ஷாரன் தலை நிமிர்ந்தாள். அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். தொட்டிலில் நிலக்சி நித்திரை... ஷாரனின் சட்டை, மார்பில் இரண்டு பக்கமும், பாலால் நனைந்துகொண்டிருந்தது.