இருபது நிமிட இருட்டு

இரவு ஒரு மணி... ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர்த் தோட்டம். லயத்து வீடுகளிலிருந்து மேல்மலைக்கு ஏறும் ஒற்றைப் பாதை. வழக்கமாகக் காலைச் சுற்றும் நாய்கூட அன்றைக்குப் பின்னால் வரவில்லை. டிசம்பர் பதின்மூன்றாம் திகதி அந்தப் பாதையில் தனியாக ஏறினான் இந்திரகுமார். நம் ஸ்ரீதரனின் அக்கா புருஷன். கையில் ஒரு காலி உரச்சாக்கு. நெஞ்சில் ஒரு பாரம்.

போர்வையை இழுத்துக்கொண்டு கிட்ட வாருங்கள். மெதுவாகத்தான் சொல்வேன். ஏன் என்று கடைசியில் தெரியும்.

அவன் மனைவி விஜயகலா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள். வானம் என்றால் அவளுக்குப் பைத்தியம். போனில் படித்ததையெல்லாம் கொப்பியில் எழுதி வைப்பாள். மின்னினால் நட்சத்திரம், மின்னாமல் நின்றால் கிரகம். டிசம்பர் நடுவில் எரிகற்கள் மழையாக விழும், எப்போதோ கடந்துபோன ஒரு சிறுகோள் விட்டுச்சென்ற தூசி அது... இப்படி.

அதைப் பார்க்க வருடா வருடம் புருஷனைக் கூப்பிடுவாள். றப்பர் மரத்துக்குக் கீழே வானம் ஏது? பழைய மரங்களை வெட்டிப் புதுக்கன்று போட்ட மேல்மலைக்குத்தான் ஏறவேண்டும். விடியுமுன் றப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவனுக்குத் தூக்கம் பெரிது.

"அடுத்த வருஷம் கட்டாயம் போவோம் புள்ள."

ஐந்து வருடமும் இதே பதில்.

ஆறாவது வருடம் நவம்பரில் அவளுக்குக் காய்ச்சல். சும்மா காய்ச்சல்தான் என்று மூன்று நாள் பப்பாளி இலையை இடித்துப் பிழிந்து கொடுத்தான். "கசக்குதுங்க" என்பாள். ஆனாலும் குடித்துவிடுவாள். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டெங்கு முற்றிவிட்டிருந்தது. ஒரு நாள் முந்திப் போயிருந்தால்... அந்த நினைப்பு அவனைத் தின்றது. அவள் கோபத்தோடுதான் போனாளா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் அந்த இரவு ஏறினான். சாக்கைப் பிரித்து விரித்து, பழக்க தோஷம், ஒரு பாதியில் மட்டும் படுத்தான். அவனுக்காகவே எழுதியதுபோல் கொப்பியில் இருந்தவை மனப்பாடம். 'இருபது நிமிஷம் எந்த வெளிச்சத்தையும் பாக்காதீங்க. அப்பத்தான் கண்ணு இருட்டுக்குப் பழகும். மங்கலா இருக்குறத நேரா பாக்காதீங்க. கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் தெரியும்.'

உச்சியில் வியாழன் மின்னாமல் நின்றது. கீழே மரங்களில் காய்ந்த ஒட்டுப்பால் நாற்றம் காற்றில் லேசாக வந்தது. ஒன்று விழுந்தது... இரண்டு... வாய்விட்டு எண்ணினான். பதினாறு வரைக்கும்.

சரக்.

பக்கத்தில் யாரோ படுத்தால் சாக்கு எழுப்பும் சத்தம். கூடவே ஒரு பச்சைக் கசப்பு வாசம். பப்பாளி இலை. அந்த மலையில் பப்பாளி மரமே கிடையாது.

கடைக்கண்ணில் மங்கலாக ஏதோ நீளமாகத் தெரிந்தது. திரும்பினான். வெறும் சாக்கு. மறுபடி வானத்தைப் பார்த்தான்... ஓரத்தில் அது இருந்தது. அவனுக்குப் புரிந்துவிட்டது. கண்ணை வியாழனிலேயே நட்டுக்கொண்டான்.

ஒரு கல் பச்சையாய்க் கீறிக்கொண்டு போனது.

"பதினேழு."

எண்ணியது அவன் இல்லை.

நாற்பது வரைக்கும் இருவரும் மாறி மாறி எண்ணினார்கள். காதுக்குள் கண்ணீர் வழிந்தது. துடைக்கவில்லை.

"நான் முந்தியே கொண்டுபோயிருக்கணும் புள்ள. எம்மேல கோவமா?"

முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்தான். எத்தனை வருடம் பார்த்த முகம்! அதைப் பார்க்காமல் எப்படி இருப்பான்? சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து டார்ச்சை அடித்தான்.

யாரும் இல்லை.

உடனே அணைத்தான். இனி மறுபடி இருபது நிமிடம்... அதற்குள் மேகம் வந்து மூடிவிட்டது. விடிந்தபோது சாக்கு முழுக்கப் பனி. இரண்டு ஆள் படுத்த இடம் மட்டும் காய்ந்திருந்தது.

அன்றிலிருந்து அவன் யாரையும் நேராகப் பார்ப்பதில்லை. பேசும்போதும் நம் தோளுக்குப் பக்கத்தில்தான் பார்ப்பான். அவளிடம் கேட்டதற்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, பாவம்.

மண் சரியும் என்று இன்றைக்கு நம்மை இந்தப் பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து விட்டார்களே, ஸ்ரீதரனோடு ஒருவன் வந்தானே... கரும்பலகைக்குக் கீழே பாயின் ஓரமாக ஒதுங்கிப் படுத்திருக்கிறான். மற்றப் பாதி காலி.

டிலக்ஷன், அந்தப் போனை உள்ளே வை. கரண்ட் போய் இப்போது இருபது நிமிடம் ஆகிறது. அவனுக்கு இன்றைக்காவது பதில் கிடைக்கட்டும்.

என்ன, கசப்பு வாசமா?

ஆமாம். எனக்கும் வருகிறது... யாரும் திரும்பாதீர்கள்.