நிஸாரின் இரண்டாவது மௌத்து

ஒரே ஆளை நான் இரண்டு தடவை கொன்றிருக்கிறேன். இரண்டாவது தடவை எங்கள் தில்லையடி ஊரே எழும்பி நின்று கைதட்டியது. சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் எதைச் சொன்னாலும் ஆட்கள் நாலில் ஒன்றாகத்தான் எடுப்பார்கள்.

நான் ஹஸன், தபால் கந்தோரில் பென்சன் எடுத்தவன். கொஞ்சம் கூட்டிக் கதைப்பேன், மறுக்கவில்லை. களப்பில் பிடித்த கொடுவா மீனின் வாலில் சைக்கிளைச் சாத்திவிட்டுத் தொழப் போனேன் என்றால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். சிரிப்பு நல்லதுதானே. என் கூட்டாளி நிஸாருக்குத்தான் பிடிக்காது. தேத்தண்ணிக் கடையில் எதிர்க் கதிரையில் இருந்து, பாணை நனைத்துத் தின்றுகொண்டே, "அது கொடுவா இல்ல, மணலை. ஒரு சாண்," என்பான்.

முப்பது வருடம் பொறுத்தேன். ஆனால் தொண்ணூறில் எங்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து நாங்கள் வந்த வள்ளத்தின் கதையை அவன் தொட்டிருக்கக் கூடாது. புயலில் நாற்பது பேரை நான்தான் கற்பிட்டிக் கரை சேர்த்தேன் என்பது என் பேரப்பிள்ளைகளுக்கும் பாடமான கதை. ஒரு கலியாண வீட்டில், அந்தப் பிள்ளைகளுக்கு முன்னால் நிஸார் சொன்னான்: "புயலும் இல்ல, நாப்பது பேரும் இல்ல. இவர் வாந்தி எடுத்துப்போட்டு என்ட மடியில படுத்திருந்த."

அந்த வள்ளத்தில் வந்தவர்களில் மிஞ்சியிருந்தது நாங்கள் இருவர்தான். மறுநாள் லுஹர் தொழுகைக்குப் பிறகு அவன் வீட்டில் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தான். நான் போனேன். அதிக நேரம் எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மிஞ்சியது நான் மட்டும்.

நெஞ்சு வருத்தக்காரன் என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பகுதியில் மையித்துக் குளிப்பாட்டுவது நானும் நௌஃபரும். நான் தேய்த்தேன், அவன் தண்ணீர் ஊற்றினான். சூடு கூடாமல் பார்த்துக்கொண்டேன், நிஸாருக்குச் சூட்டுத் தண்ணீர் ஆகாது. கழுத்தில் என் பத்து விரலும் அச்சடித்த மாதிரி இருந்தன. குளிப்பாட்டும்போது கண்டதை வெளியே கதைக்கக் கூடாது, அது மையித்து நம்பி ஒப்படைத்த அமானிதம். துணியை இழுத்து மூடினேன். நௌஃபர் வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பிறகுதான் என் நிம்மதி போனது. செய்ததற்காக அல்ல, அதைச் சொல்ல ஆளில்லாததால். இருந்தால் எழும்பத் தோன்றும், எழும்பினால் நடக்கத் தோன்றும். கொலைப்படம் எடுக்கக் கதை தேடித் திரிந்த இனாஸ் தம்பியிடம் நடந்ததை முழுசாகச் சொன்னேன். அவன் தொடையில் தட்டிச் சிரித்தான். என்னையே நடிக்கவும் வைத்தான். படத்தில் முக்கால்வாசிச் சந்தேகமும் என்மேல்தான். என் கைகளைத் திரை நிறையக் காட்டினான், கழுத்தை நெரிப்பதையும் காட்டினான். கடைசிப் பத்து நிமிடத்தில், அதெல்லாம் பொய், கொன்றது செத்தவனின் மச்சான் என்று புரட்டிப் போட்டான். ஏமாந்த சந்தோஷத்தில் சனம் கைதட்டியது.

"ஏன் தம்பி மாத்தின?" என்று கேட்டேன்.

"ஹஸன் நானா, உங்கள கொலகாரன் எண்டா ஆரு நம்புவாங்க?"

படத்தை மெய்யென்று எடுத்துக்கொண்டு, இப்போது நிஸாரின் உண்மையான மச்சான் இப்ஹாமின் ஸலாமுக்கு யாரும் பதில் சொல்வதில்லை. முந்தல் ஊரில் இருக்கும் அவன் கடைக்கு ஆட்கள் போவதில்லை. கோழி அறுக்கவே கை நடுங்குகிறவன், அவனுக்குப் போய் இந்தப் பெயரா. அவனுக்காகத்தான், அவனுக்காக மட்டும்தான் பொலிஸுக்குப் போனேன்.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "படம் பார்த்தேன் நானா, நல்லா நடிச்சிருக்கீங்க," என்றார். என்னோடு நின்று ஒரு ஃபோட்டோவும் எடுத்தார். நான் கதிரையில் இருந்தேன், எழும்பினேன், திரும்ப இருந்தேன். கடைசியில் நௌஃபரைக் கூப்பிடச் சொன்னேன்.

படம் முடிந்த அன்று அவன் காதுக்குள் உண்மையைச் சொன்னபோதும், "சும்மா ஈங்க நானா," என்றவன் அவன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு நிலத்தைப் பார்த்தான்.

"ஓம் சேர், நடந்ததுதான். குளிப்பாட்டக்குள்ள நானும் கண்ட. அமானிதம் எண்டு வாயத் தொறக்கல்ல. இப்ப இப்ஹாம்ட புள்ளைகள் வெளியில எறங்க ஏலாம ஈக்குது."

என் நெஞ்சு நிறைந்துவிட்டது. நௌஃபர் நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

"ஆனா கழுத்துல விரல் அடையாளம் ரெண்டுதான் சேர். பத்து இல்ல."