அழுதால் நிறுத்திவிடுவோம்

அடுப்பில் வைத்த பால் எப்போது பொங்கும் என்று எனக்கு இன்றுவரை கணிக்கத் தெரியாது. ஆனால் மனநல ஆராய்ச்சிக்கு வருபவர்களுக்கு என்ன ஆபத்து நேரலாம் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் என் வேலை. சிரிப்பு வந்தால் சிரித்துவிடுங்கள், ஐயா. வீட்டில் எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆராய்ச்சி எளிமையானது. கண்ணெதிரே ஒருவரைப் பறிகொடுத்தவர்கள் அந்தச் சம்பவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். நாங்கள் பதிவு செய்வோம். அவர்கள் மனம் உடைந்துபோனால் என்ன செய்வீர்கள் என்று, அனுமதி தரும் நெறிமுறைக் குழு கேட்டது. "அழுதால் அந்த நொடியே நிறுத்திவிடுவோம்" என்றேன். குழுத் தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான். என் பேச்சைக் கேட்டு நானே உருகுவது பழைய வியாதி.

வந்தவர்கள் எல்லாரும் அழுதார்கள். ஒரு பதிவுகூடத் தேறவில்லை. ஆராய்ச்சியை இழுத்து மூடச் சொல்லிவிடுவார்கள் என்ற நிலையில்தான் அண்ணியின் நினைவு வந்தது. மகள் குளத்தில் மூழ்கியதைக் கரையிலிருந்து பார்த்தவர். கூப்பிட்டதும் வந்தார்.

"ஏன் டாக்டரம்மா, மைக்கைப் பாத்துப் பேசணுமா, உன் மூஞ்சியப் பாத்தா?"

"மைக்கைப் பாத்தே பேசுங்க அண்ணி. என் மூஞ்சியப் பாத்தா பேச்சு வராது."

"அதுவும் சரிதான்."

குழந்தையின் செருப்பு மட்டும் மிதந்ததைச் சொல்லும் இடத்துக்கு வந்ததும் அண்ணி சிரித்தார். உதவியாளர் என் காதோரம் குனிந்தாள். "மேடம், நிறுத்திடலாமா?"

"சிரிக்கத்தானே செய்யறாங்க" என்றேன். "அண்ணி, முதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னார். மறுபடி சொன்னார். ஒவ்வொரு முறையும் சிரிப்பு நீண்டுகொண்டே போனது. வாரக்கணக்கில் வரவழைத்தேன். அற்புதமான பதிவுகள்.

இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். பேச்சு நின்றுவிட்டது. சிரிப்பு நிற்கவில்லை. அறைக்கு வெளியே அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"அவ சிரிச்சா உள்ளுக்குள்ள அழறான்னு அர்த்தம்னு, பாப்பா போன அன்னிக்கு சொந்தக்காரங்க அத்தனை பேருக்கும் எடுத்துச் சொன்னவளே நீதானேடி?"

நான்தான். அன்று அண்ணி சிரித்ததைப் பார்த்து வாய்க்கு வந்தபடி பேசியவர்களை அடக்கியதும் நான்தான். தெரிந்துதான் அழைத்தேன், ஐயா. கண்ணீர் விடாமல் உடையக்கூடிய ஒருவர் தேவைப்பட்டார். வெளியே தேடி அலைய வேண்டியிருக்கவில்லை, குடும்பத்திலேயே இருந்தார்.

விதியை மீறினேன் என்று மட்டும் உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதிவிடாதீர்கள். பதிவுகளை முழுதும் போட்டுக் கேளுங்கள். அண்ணி ஓரிடத்தில்கூட அழவில்லை.