படத்தில் இருந்த சித்தி

இலங்கையின் மலைநாட்டில், றக்வான போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு மாணவிகள் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் இருந்தவள் திடீரென்று சொன்னாள்:

“நெட்ல எடுத்த படத்துல எங்க சித்தி இருக்காங்கடி.”

“என்னடி சொல்ற?”

“ஸ்கூல் புரொஜெக்டுக்குத் தேயிலைக் கொழுந்து எடுக்கிற படம் ஒன்னு தேடி எடுத்தேன். ஒட்டுறப்ப அம்மா பார்த்துட்டு, ‘இது உன் சித்திடி’ன்னாங்க.”

“அப்ப படத்தப் போடலாமான்னு யாருகிட்ட கேக்கணும், சித்திகிட்டயா?”

“படம் எடுத்தவருகிட்ட. மெசேஜ் போட்டேன். ‘ஸ்கூலுக்குன்னா போடுங்க, கீழ என் பேர எழுதுங்க’ன்னு சிங்களத்துல பதில் வந்திச்சு.”

“சித்திகிட்ட சொல்லலையா?”

“காட்டினேன். அப்படி ஒரு படம் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தாங்க.”

“வேணாம்னாங்களா?”

“இல்ல. ‘எடுத்தவரு பேரு இருக்கு, என் பேரு எங்க?’ன்னு கேட்டாங்க.”

அவள் புரொஜெக்ட் புத்தகத்தில் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டினாள். படத்தின் கீழே இரண்டு பெயர்கள் இருந்தன.